ஆரோ ஒருத்தர்

ஜெனோவாவின் இடது தோளில் அந்தக் கருவியைப் பொருத்திவிட்டு நப்பின்னை இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது, சாம்பல் நிறம்.

“கனமா இருக்கா?”

“இல்ல. பல்லி விழுந்த மாதிரி இருக்கு.”

நப்பின்னை சிரித்தாள். சென்னையிலிருந்து வந்தவள், நிர்வாகவியலில் முனைவர் பட்டம் வாங்கியவள், இந்தக் கருவியைப் பத்து வருடமாகப் பாடுபட்டு உருவாக்கியவள். ஜெனோவா சிரிக்கவில்லை. தன் வேலையைப் பறிக்க வந்த ஒன்றைத் தன் தோளிலேயே சுமந்துகொண்டு திரிய வேண்டும் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

தூத்துக்குடிக்குத் தெற்கே முள்ளக்கரையில் கடலை ஒட்டி நிற்கிறது வெண்முத்து குடிநீர் ஆலை. கடலை உறிஞ்சி, உப்பைப் பிரித்து, குடிக்கிற தண்ணீராக்கி ஊர்களுக்கு அனுப்பும். தாமிரபரணி கோடையில் மணலாகிவிடும் காலம் வந்த பிறகு, அந்தப் பக்கத்துக் குழாய்களில் வருவதெல்லாம் இந்த ஆலைத் தண்ணீர்தான். ஆலையில் இரண்டு வரிசைகள், வடக்கு ஒன்று, தெற்கு ஒன்று. இரண்டுக்கும் மேனேஜர் ஜெனோவா. வேதியியல் படித்து ஆய்வகத்தில் சேர்ந்து, ஏச்சும் பேச்சும் வாங்கி, ஒரு புயலில் மூன்று நாள் ஆலையை விட்டு நகராமல் கிடந்து, அந்த நாற்காலிக்கு வந்தவள்.

கம்பெனிக்குக் கடற்கரை நெடுக இதுபோல ஏழு ஆலைகள், ஏழு மேனேஜர்கள். அந்த ஏழு பேரும் இனித் தேவையா என்பதுதான் கேள்வி. இயக்குநர் கார்மேகம் அதைக் கேட்கிற விதமே தனி. டீ குடிக்கிறீங்களா என்று கேட்கிற அதே குரலில், வேலையை விட்டுப் போகிறீர்களா என்றும் கேட்பார்.

“நப்பின்னை, நீங்களே விளக்கிச் சொல்லிடுங்க,” என்றார் கூட்ட அறையில்.

“மேனேஜர்னா என்ன வேலை செய்றாங்க? இதுக்கு ரெண்டு பதில் இருக்கு மேடம்,” என்று நப்பின்னை தொடங்கினாள். “முதல் பதில் பழசு. சுரங்கக் கம்பெனி நடத்தின ஒரு ஃபிரெஞ்சு இன்ஜினியர் சொன்னது. திட்டம் போடணும், ஆளையும் பொருளையும் அதது இடத்துல அமைக்கணும், உத்தரவு போடணும், எல்லாத்தையும் இணைக்கணும், சொன்னபடி நடக்குதான்னு பிடிச்சு வைக்கணும். அஞ்சே வேலை.”

“கேக்க நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது?”

“ஐம்பது அறுபது வருஷம் கழிச்சு ஒரு ஆராய்ச்சிக்காரர் நிஜ மேனேஜர்கள் பக்கத்துல போய் உக்காந்து நாள் முழுக்கப் பார்த்தார். ஒருத்தரும் திட்டம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கல. போன் வருது, எழுந்து நடக்கிறாங்க, பேசறாங்க, சண்டையைத் தீர்க்கிறாங்க. ஒண்ணை முடிக்கிறதுக்குள்ள இன்னொண்ணு கூப்பிடுது. அதனால அவர் சொன்னார், மேனேஜர் செய்றதை வேலையாப் பார்க்காதீங்க, வேஷமாப் பாருங்கன்னு. தலைவர் வேஷம், தூதர் வேஷம், சேதி சேகரிக்கிற வேஷம், சேதி பரப்புற வேஷம், பஞ்சாயத்து வேஷம்... மொத்தம் பத்து.”

“கூத்துல கூட ஒரு ஆளு இத்தனை வேஷம் கட்ட மாட்டான்.”

“நீங்க தினமும் கட்டறீங்க. இது அதைப் பார்த்துக் கத்துக்கும்,” என்று அவள் தோளைக் காட்டினாள் நப்பின்னை. “பழைய பதிலை வச்சுச் செஞ்ச இயந்திரம் தயாரா இருக்கு. நாளையிலேருந்து வடக்கு வரிசை அதோட பொறுப்பு. தெற்கு வரிசை உங்ககிட்டயே இருக்கும், இந்தக் கருவி உங்ககூடவே இருக்கும்.”

“மூணு மாசம் பார்ப்போம்,” என்றார் கார்மேகம். “வடக்கு நல்லா ஓடினா பழையது. இல்லைன்னா உங்ககிட்ட கத்துக்கிட்ட புதுசு.”

“எது ஜெயிச்சாலும் நாங்க ஏழு பேரும் வீட்டுக்குப் போகணும். அப்படித்தான சார்?”

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

“ரெண்டும் தோத்தா?”

கார்மேகத்துக்கு அது வேடிக்கையாக இருந்தது. “சரி மேடம். நீங்க செய்றதுல அந்த அஞ்சுலயும் வராம, இந்தப் பத்துலயும் வராம, ஒண்ணே ஒண்ணு இருந்தா காட்டுங்க. ஏழு பேரும் இருந்துக்கலாம்.”

“நப்பின்னை மேடம் சாட்சி,” என்றாள் ஜெனோவா.

அவர் விளையாட்டாகச் சொன்னார். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த நாற்காலியிலிருந்து தன்னை எழுப்ப வேண்டுமென்றால் ஐந்தும் பத்தும் போதாது என்று காட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

இயந்திரங்களுக்குக் கம்பெனி வைத்த பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. வடக்கு வரிசையை ஏற்றுக்கொண்டது ஒலிபெருக்கியில் அச்சுத் தமிழில் பேசியது, நேரத்துக்கு நேரம் உத்தரவு போட்டது, தவறுக்கு மதிப்பெண் குறைத்தது. ஒரே நாளில் அதற்கு ‘வாத்தியார்’ என்று பெயர் விழுந்தது. ஜெனோவாவின் தோளில் இருந்ததை ‘ஒட்டுப்புல்’ என்றார்கள். எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டு வருகிறதல்லவா.

முதல் சில வாரங்கள் ஜெனோவா தினமும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாலையில் நப்பின்னையிடம் போவாள். நப்பின்னை சலிக்காமல் பதில் சொல்வாள்.

“கடலுக்குள்ள குழாய் போடற இடத்துல மீன்பிடிச் சங்கத்துக்காரங்க மறிச்சாங்க. போய்ப் பேசி அனுப்பினேன்.”

“தூதர் வேஷம்.”

“லேப்புல ரெண்டு பிள்ளைகளுக்குள்ள வாய்த்தகராறு. ரெண்டையும் சேத்து வச்சு பிரியாணி வாங்கிக் குடுத்தேன்.”

“பஞ்சாயத்து.”

“எலக்ட்ரீசியன் சேவியர் அப்பா இறந்துட்டாரு. துக்கத்துக்குப் போனேன்.”

“தலைவர் வேஷம் மேடம். நிறுவனத்தோட முகமா நீங்க நிக்கிறீங்க.”

“அங்க அழுதேனே?”

நப்பின்னை கொஞ்சம் தயங்கினாள். “அதுவும் அதுலதான் வரும்.”

ஜெனோவாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சேவியரின் அப்பா, அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குச் சைக்கிள் வாங்கித் தந்த மனிதர். அந்த அழுகையைக்கூட ஒரு பெட்டியில் போட்டு மூடிவிட்டார்களே என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழி முழுக்க முனகிக்கொண்டே போனாள். மறுநாள் காலையில் அவள்தான் ஆலைக்கு முதலில் வந்தாள்.

முள்ளக்கரை ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியாது. தப்பு செய்தவன் ‘நான் செய்தேன்’ என்று சொல்ல மாட்டான். அலுவலக அறைக்குள் வந்தும் சொல்ல மாட்டான். டீ கவுண்டரில் மேனேஜர் பக்கத்தில் வந்து நின்று, கடலைப் பார்த்துக்கொண்டு சொல்வான்.

“ஆரோ ஒருத்தர் கழுவுற வால்வை மூடாம போயிட்டாவ போல, மேடம்.”

“அப்படியா? ஆரோ ஒருத்தர் போயி மூடிட்டா நல்லது,” என்பாள் ஜெனோவா, அவளும் கடலைப் பார்த்துக்கொண்டு.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவன் ஓடுவான். அத்தோடு முடிந்தது.

முதல் தடவை இதைப் பார்த்தபோது ஒட்டுப்புல் அவள் காதுக்குள் மெல்லக் கேட்டது. ஜெனோவாவையே கேட்டுக் கேட்டுப் பழகியதால் அதற்கும் அவள் ஊர்ப் பேச்சே வந்துவிட்டிருந்தது.

“மேடம், அந்த ஆரோ ஒருத்தர் அவருதான். குரலுலயே தெரியுது. நீங்க ஏன் பேரு கேக்கல?”

“கேட்டா நாளைக்கு வந்து சொல்ல மாட்டான்.”

“அவருதான்னு உங்களுக்கும் தெரியும். அவருக்கும் நீங்க கண்டுபிடிச்சிட்டியன்னு தெரியும்.”

“ஆமா.”

“பெறவு எதுக்கு இந்தச் சுத்து?”

“நீ புதுசு. போகப் போகத் தெரியும்.”

“இது பத்துல எந்த வேஷம் மேடம்?”

“உங்க அம்மாட்ட கேளு.”

அன்று மாலை நப்பின்னை அதைச் ‘சேதி சேகரிக்கிற வேஷம்’ என்று குறித்துக்கொண்டாள். இல்லை என்று ஜெனோவாவுக்குத் தோன்றியது. ஆனால் என்ன இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. சேதி வந்தது உண்மை. அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாததை எப்படி ஒருவருக்குக் காட்டுவது?

வடக்கு வரிசை இதற்கிடையில் பிரமாதமாக ஓடிக்கொண்டிருந்தது. நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், வாத்தியார் கெட்டிக்காரர். எந்தப் பம்பை எப்போது நிறுத்தினால் மின்சாரம் மிச்சமாகும் என்று அவருக்குத் தெரிந்த அளவு ஜெனோவாவுக்குத் தெரியாது. கிடங்கில் எந்தச் சாமானும் தீர்ந்துபோய்த் தவிக்கவில்லை. வடக்கு வரிசை ஆட்களுக்கு டீகூட நேரம் பிரித்து, ஆள் பிரித்து, அவரவர் இருக்கும் இடத்துக்கே வந்தது. அதனால் அவர்கள் டீ கவுண்டருக்கு வருவது நின்றுபோனது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் அடிக்கடி அடித்த அபாயமணி கொஞ்ச நாளாக வடக்கு வரிசையில் அடிக்கவே இல்லை. கார்மேகம் அதைக் கேட்டு வாயெல்லாம் பல்லானார்.

அதுதான் ஜெனோவாவை உறுத்தியது.

கடல்நீரில் பாசியும் கிருமியும் சாக முதலில் குளோரின் கலப்பார்கள். ஆனால் உப்பைப் பிரிக்கிற மெல்லிய சவ்வுக்குக் குளோரின் ஆகாது, பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். ஆகையால் சவ்வுக்கு முன்னால் ஒரு சின்னப் பம்ப், குளோரினை முறிக்கும் மருந்தை விட்டுக்கொண்டே இருக்கும். மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் அந்தத் தண்ணீரை ஓடவிட்டு, அதில் ஒரு உணரியை முக்கி வைத்திருப்பார்கள். ஆலையில் அதன் பெயர் மூக்கு. குளோரின் வாடை பட்டால் மூக்கு அலறும், வரிசை நிற்கும். ஆனால் வாடைக்காற்று வீசிக் கடல் கலங்கினால், மூக்கில் சகதி படிந்து சும்மாவும் அலறும். ஜெனோவா காலத்தில் ‘மூக்குக்குச் சளி பிடிச்சிருக்கு மேடம்’ என்பார்கள். துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

இப்போது வாடைக்காற்று வீசத் தொடங்கி ஒரு மாதமாகிறது. தெற்கு வரிசை மூக்கு தினம் தும்முகிறது. வடக்கு வரிசை மூக்கு மட்டும் எப்படி அவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது?

சோதனை முடிகிற வாரம், ஒரு மத்தியான வேளையில், வடக்கு வரிசை ஆப்பரேட்டர் சுடலைமுத்து டீ கவுண்டருக்கு வந்தான். அன்று அவனுக்கு விடுமுறை. விடுமுறை நாளில் ஆலை டீயைத் தேடி வருகிறவன் யார்? ஜெனோவா பக்கத்தில் போய் நின்றாள்.

“என்னப்பா, வீட்டுல டீத்தூள் தீந்துபோச்சா?”

அவன் கடலைப் பார்த்தான்.

“மேடம், வடக்குல மணி அடிச்சா அந்த நேரத்துல நிக்கிறவன் பேருல ஒரு தப்பு விழுது. மூணு விழுந்தா வெளிய. சளி பிடிச்சு அடிச்சாலும் அதே கணக்குதான். ரெண்டு பேரு போயிட்டானுவ.”

“தெரியும்.”

“அதான்... ஆரோ ஒருத்தர் மூக்கைத் தூக்கி நல்ல தண்ணி பாட்டிலுக்குள்ள வச்சிட்டாவ போல, மேடம்.”

ஜெனோவாவும் கடலையே பார்த்தாள். “எப்ப?”

“பத்துப் பன்னெண்டு நாளாச்சாம். ஒண்ணும் ஆகலன்னுதான் விட்டுட்டாவளாம். நேத்துலேருந்து அந்தக் கிண்ணத்துப் பக்கம் பிளீச்சிங் பவுடர் வாடை வருதாம். மருந்து பம்பு அடைச்சிருக்கும் போல.”

“அந்த ஆரோ ஒருத்தர் பாட்டிலை எடுத்துட்டா?”

“எடுத்த உடனே அலறுமே மேடம்! அப்ப நிக்கிறவன் பேருல விழும். அவருக்கு ஏற்கனவே ரெண்டு விழுந்தாச்சு.” அவன் டம்ளரைக் கீழே வைத்தான். “ஊருக்கே தண்ணி கெட்டுப்போயிருமோன்னு அவருக்குத் தூக்கமே வரலியாம், மேடம்.”

“வீட்டுக்குப் போ,” என்றாள் ஜெனோவா. “போயி அவரைத் தூங்கச் சொல்லு.”

அவன் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். ஒட்டுப்புல் காதுக்குள் பேசியது.

“மேடம், ஒண்ணு சொல்லட்டா? நீங்க பேசாம இருந்தா, வெள்ளிக்கிழமை கணக்குப் பாக்கதுக்குள்ள வடக்கு வரிசைச் சவ்வு போயிரும். தண்ணில உப்பு ஏறும். வாத்தியார் தோத்துருவாரு. நீங்க ஜெயிச்சிருவிய.”

அவளுக்கு ஆசை வந்தது. மறைப்பானேன்? நன்றாகவே வந்தது. இரண்டே நாள் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றால் போதும். ஏழு பேர் வேலை மிஞ்சும். கார்மேகத்தின் முகம் எப்படிப் போகும் என்றுகூட ஒரு நொடி நினைத்துப் பார்த்தாள். பிறகு வடக்கு வரிசைத் தண்ணீர் போகிற ஊர்களை நினைத்தாள். புதுச் சவ்வு கப்பலில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓட வேண்டும். சின்ன வயதில் அவளும் ஓடியிருக்கிறாள்.

“ஜெயிப்பேன்,” என்றாள். “ஆனா இப்படி வேண்டாம்.”

“வாத்தியார்ட்ட சொல்லிரலாமா?”

“சொன்னா என்ன செய்வாரு?”

“பேரு கேப்பாரு. அந்த ஷிஃப்டையே வெளிய அனுப்புவாரு.”

“அதான்.” அவள் வடக்கு வரிசைக் கட்டடத்தை நோக்கி நடக்கத் தொடங்கினாள். பாதி வழியில் நின்றாள். “ஏ, ஒட்டுப்புல்லு. சுடலை சொன்னது எல்லாம் உங்கிட்ட இருக்கு, இல்ல?”

“இருக்கு மேடம்.”

“கேட்டா சொல்லிருவியா?”

“சொல்லணும். சேதி பரப்புறதும் பத்துல ஒண்ணு.”

அதைப் பிடுங்கிக் கடலில் வீசிவிடலாமா என்று கை பரபரத்தது. வீசினால் எல்லாவற்றையும் மறைக்கத்தான் வீசினாள் என்பார்கள். அவள் கையை இறக்கிக்கொண்டு நடந்தாள்.

வடக்கு வரிசைக்குள் அவள் நுழைந்ததுமே ஒலிபெருக்கி பேசியது. “தங்களுக்கு இங்கே அனுமதி இல்லை. வெளியேறவும்.”

“இதோ, வெளியேறத்தான் போறேன்.”

கிண்ணத்துக்கு அருகில் தூணின் மறைவில், மூக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் சுகமாக முங்கிக்கிடந்தது. வேலையில் நின்ற இளைஞன் அவளைப் பார்த்து வெளிறிப்போனான். “நீ அந்தப் பக்கம் தள்ளி நில்லு. இங்க வராத,” என்று அவனை அனுப்பிவிட்டு, வாத்தியாரின் கேமரா பார்க்கும் இடமாகத் தேடி நின்று, கையை உயர்த்தி எல்லோருக்கும் தெரியும்படி மூக்கை வெளியே எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள்.

மணி அலறியது. பம்புகள் ஒவ்வொன்றாய் அடங்கின. வடக்கு வரிசை நின்றுபோனது.

“இந்த நிறுத்தம் யார் பெயரில் பதிவாக வேண்டும்?” என்றது ஒலிபெருக்கி.

“என் பேருல போடுங்க வாத்தியாரே. ஜெனோவா. எழுத்துப்பிழை இல்லாம போடுங்க.”

கார்மேகம் மறுநாள் காலையிலேயே வந்து சேர்ந்தார். சவ்வின் ஓரங்கள் மட்டும்தான் அரித்திருந்தன. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் மொத்தமும் போயிருக்கும் என்று ஆய்வகம் சொன்னது. அவருக்கு அது மனதில் பதியவில்லை. பாட்டிலை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நப்பின்னை மடியில் கணினியோடு, தலையை நிமிர்த்தாமல் இருந்தாள்.

“வாத்தியார் தோக்கணும்னு இருந்த ஒரே ஆள் நீங்க,” என்றார் கார்மேகம். டீ கேட்கிற குரல்தான். “பாட்டில் இருந்த இடத்துக்கு நேரா போறீங்க. தேடவே இல்ல. வச்சவங்களுக்குத்தானே இடம் தெரியும்?”

“நான் வைக்கல சார். எடுத்தேன்.”

“அப்ப யார் வச்சாங்க?”

“அது எனக்கு வேண்டாத விஷயம்.”

“எனக்கு வேணும். பேரைச் சொல்லுங்க, நீங்க தப்பிச்சீங்க. சொல்லலைன்னா நாசவேலைன்னு போலீஸுக்குப் போவேன்.”

“சொல்ல மாட்டேன் சார்.”

வெளியே வராந்தாவில் சுடலைமுத்து நின்றுகொண்டிருப்பது கண்ணாடி வழியாக ஜெனோவாவுக்குத் தெரிந்தது. உள்ளே வந்துவிடாதே என்று அவனைப் பார்க்காமலே மனதுக்குள் அதட்டினாள்.

“நீங்க சொல்ல வேண்டாம்,” என்றார் கார்மேகம், அவள் தோளைப் பார்த்து. “அதுக்குத்தானே இதை ஒட்டி வச்சிருக்கு. நப்பின்னை, இதை எல்லாருக்கும் கேக்கிற மாதிரி பேசச் சொல்லுங்க.”

நப்பின்னை ஒரு விசையைத் தட்டினாள். ஜெனோவா கண்ணை மூடிக்கொண்டாள். சுடலைமுத்து, அவனோடு நின்ற ஷிஃப்ட், எல்லோரும் போனார்கள் என்று நினைத்தாள். கூடவே இன்னொன்றும் போகும். இனி இந்த ஆலையில் ஒருவனும் டீ கவுண்டரில் அவள் பக்கத்தில் வந்து நிற்க மாட்டான்.

“உணரியைப் பாட்டில்ல வச்சது ஜெனோவா மேடமா?” என்று கேட்டார் கார்மேகம்.

“இல்ல சார். மேடம் எடுத்தாவ. எடுக்கலன்னா ஊருக்குத் தண்ணி கிடையாது.”

“சரி. வச்சது யாரு?”

ஒட்டுப்புல் பதில் சொல்ல ஒருபோதும் நேரம் எடுத்துக்கொண்டதில்லை. இப்போது எடுத்துக்கொண்டது.

“ஆரோ ஒருத்தர் வச்சிட்டாவ போல, சார்.”

ஜெனோவா கண்ணைத் திறந்தாள்.

“பேரு கேட்டேன்.”

“ஆரோ ஒருத்தர், சார்.”

“மேடத்துக்கு இதைச் சொன்னது யாரு? அதாவது தெரியுமா?”

“அதுவும் ஆரோ ஒருத்தர்தான் சார்,” என்றது ஒட்டுப்புல் மிகுந்த மரியாதையோடு.

கார்மேகம் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். “நப்பின்னை! பதிவுல பேர் இருக்கா இல்லையா, நீங்க பாருங்க!”

நப்பின்னை திரையைப் பார்த்தாள். டீ கவுண்டர், கடல், சுடலைமுத்துவின் முகம், அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அங்கே இருந்தது. முந்தின நாள் மாலையே அவள் அதைக் கேட்டிருந்தாள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணாடிக்கு வெளியே வராந்தாவைப் பார்த்தாள். அங்கே நின்றவன் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது ஜெனோவாவுக்கும் தெரிந்தது.

“சரியா விழல சார்,” என்றாள் நப்பின்னை. “கடல் காத்து. ஒரே இரைச்சல்.”

கார்மேகம் எழுந்தார். “ஒண்ணு தண்ணி பாட்டிலைப் பார்த்து ஏமாறுது. இன்னொண்ணு நேரா ஒரு கேள்வி கேட்டா மழுப்புது. பத்து வருஷமா நீங்க செஞ்சது இதுதானா?” அவர் பாட்டிலை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். “இதை மத்த ஆலைல போட்டாலும், போலீஸுக்குப் போனாலும் ஊர் சிரிக்கும். ஏழு பேரும் இருக்கட்டும். இந்த ஆராய்ச்சியை இத்தோட மூடுங்க.”

அவர் கார் வெளியேறும்வரை இரண்டு பெண்களும் அசையவில்லை. பிறகு கடல் தடுப்புச் சுவரோரம் போய் உட்கார்ந்தார்கள்.

“அது பழுதாகல,” என்றாள் நப்பின்னை.

“தெரியும்.”

“அவர் கேட்டாரே, ரெண்டு பட்டியல்லயும் வராத ஒண்ணு. அதை இன்னைக்கு அவர் முன்னாலேயே காட்டியாச்சு. அவருக்குத்தான் தெரியல.” அவள் மடிக்கணினியை மூடினாள். “மேனேஜர்கள் என்ன செய்றாங்கன்னுதான் எல்லாரும் பார்த்தாங்க. கேட்ட சேதியை எங்க வச்சுப் பூட்டறாங்கன்னு யாரும் பார்க்கல. நானும்தான். பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து எழுதிக்கிட்டிருந்தா, அந்த நேரம் யாரும் வந்து சொல்லவே மாட்டாங்களே.”

“அப்ப அதை அவர்ட்ட சொல்லியிருக்கலாமே? உங்க உழைப்பு மிஞ்சியிருக்கும்.”

“சொல்லியிருந்தா இயந்திரம் அதையும் கத்துக்கிச்சுன்னு தெரிஞ்சிருக்கும். அடுத்த மாசமே உங்க தோள்லேருந்து கழட்டி ஏழு பேர் நாற்காலிலயும் உக்கார வச்சிருப்பார்.” கொஞ்சம் நிறுத்தி, “உங்க சுடலைமுத்து பேரையும் சொல்லியிருக்கணும்,” என்றாள்.

ஜெனோவா அவளைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பெண்ணை மூன்று மாதமாக எவ்வளவு திட்டியிருக்கிறாள்! தோளிலிருந்து கருவியைக் கழற்றி அவளிடம் நீட்டினாள்.

“அது என்னால முடியறது எல்லாம் செய்யுது. இப்ப இதையும் செய்யுது. இனி நான் எதுக்கு?”

“எனக்குத் தெரியல மேடம். நிஜமாவே தெரியல,” என்றாள் நப்பின்னை. கருவியை வாங்கிக்கொள்ளவில்லை. “திட்டம் முடிஞ்சுபோச்சு. அது இனிமே யாரோட சொத்தும் இல்ல. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

அடுத்த வாரம் ஜெனோவா இரண்டு வரிசைகளையும் ஏற்றுக்கொண்டாள். வாத்தியாரைத் துரத்தவில்லை. திட்டம் போடவும் மின்சாரக் கணக்குப் பார்க்கவும் வைத்துக்கொண்டாள், ஆனால் யார் பெயரிலும் மதிப்பெண் போடுகிற வேலையை மட்டும் பிடுங்கிவிட்டாள். வெளியே போன இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினாள். வடக்கு வரிசைக்கும் டீ கவுண்டரிலேயே டீ என்று உத்தரவு போட்டாள். என்றைக்காவது கார்மேகமோ, அவரைவிடக் கெட்டிக்காரர் ஒருவரோ திரும்பி வந்து அதே கேள்வியைக் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். வரட்டும், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வேலையைப் பார்த்தாள்.

முதல் நாள் டீ நேரத்தில் சுடலைமுத்து கையில் இரண்டு டம்ளரோடு வந்தான். ஒன்றை ஜெனோவாவிடம் கொடுத்தான். இன்னொன்றை அவளுக்குப் பக்கத்தில் சுவர்மேல் வைத்துவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு, அவள் இடது தோளுக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்.

“ஆரோ ஒருத்தர் உங்களுக்கு ஒரு டீ குடுக்கச் சொன்னாவ.”

“ரொம்ப சந்தோசம்னு அவருட்ட சொல்லிருங்க அண்ணாச்சி,” என்றது ஒட்டுப்புல்.

இரண்டு டீயையும் ஜெனோவாவே குடிக்க வேண்டியிருந்தது.